துறைக் கச்சேரிக்கு ஒரு மணி நேரம்: கட்டை, பட்டியல், கடிகாரம்

மாணவர் கச்சேரிக்குப் பக்கவாத்தியம் கேட்டுப் போன் செய்கிறவர்கள் தேதி சொல்வார்கள், இடம் சொல்வார்கள், சன்மானத்தைத் தயங்கித் தயங்கிச் சொல்வார்கள். பாடுகிற சுருதியான கட்டையை மட்டும் சொல்ல மாட்டார்கள். அன்று மாலை மிருதங்கக்காரர் தாழ்ந்த சுருதிக்கான தக்கு மிருதங்கத்தோடு ஆட்டோவில் வந்து இறங்குவார். பாடப்போகிற பெண்ணுக்கோ ஐந்தரைக் கட்டை. அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் சமாளிப்புதான்.

பல்கலைக்கழக இசைத்துறைகளில் பருவத் தேர்வை ஒட்டி நடக்கிற ஒரு மணி நேரக் கச்சேரிதான் இங்கே பேச்சு. சபாக் கச்சேரி என்றால் மேடைக்கு ஓர் ஆள், மைக்குக்கு ஓர் ஆள், தம்பூராவுக்கு ஓர் ஆள் என்று இருப்பார்கள். துறை அரங்கில் எல்லாமே மாணவர் தலையில். நல்ல சாரீரம், சுத்தமான பாடாந்தரம் எல்லாம் இருந்தும் கச்சேரி சொதப்பினால், அதற்கான காரணம் பெரும்பாலும் மேடை ஏறுவதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும்.

முதலில் கட்டை. ஹார்மோனியத்தின் ‘சி’ ஒரு கட்டை, ‘டி’ இரண்டு, ‘ஜி’ ஐந்து, ‘ஏ’ ஆறு. ‘அரை’ சேர்த்தால் அடுத்த கறுப்புக் கட்டை. மூன்றரை என்று ஒன்று கிடையாது, ஏனென்றால் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே கறுப்புக் கட்டை இல்லை. (இதைத் தெரியாமல் “மூணரை” என்று சொல்லிவிட்டு வருகிற முதலாண்டு மாணவர் வருடத்துக்கு ஒருவராவது உண்டு.) ஆண்கள் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு வரை, பெண்கள் நாலரை முதல் ஆறு வரை பாடுகிறார்கள். இந்த இரண்டு கூட்டத்துக்கும் ஒரே மிருதங்கம் ஒத்துவராது. தக்கு சுருதிக்கு ஏறக்குறைய 24 அங்குல நீளம், உயர்ந்ததான ஹெச்சு சுருதிக்கு 22 அங்குலம் போல. ஒரே வாத்தியத்தில் அரைக் கட்டை, மிஞ்சிப்போனால் ஒரு கட்டை ஏற்றி இறக்கலாம். அதற்கு மேல் இறக்கினால் தோல் தொளதொளத்து நாதம் செத்துவிடும். ஏற்றினால் வலந்தலை (வலக்கைப் பக்கத் தோல்) கிழியும் அபாயம். கடத்தின் நிலைமை இன்னும் மோசம். சுட்ட மண்ணுக்கு ஒரே சுருதிதான், உள்ளே கொஞ்சம் களிமண் ஒட்டி இம்மியளவு இறக்கலாமே தவிர வேறு வழியில்லை. அதனால் கடம் வாசிப்பவர் எந்தப் பானையை எடுத்து வர வேண்டும் என்பது போனிலேயே முடிவாக வேண்டிய விஷயம்.

கட்டையை வாயால் சொன்னால் மட்டும் போதாது. வீட்டில் போன் செயலியில் சாதகம் செய்யும்போது சுருதியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொள்கிறவர்கள் நிறைய. துறையில் இருக்கும் பழைய எலக்ட்ரானிக் தம்பூரா இன்னொரு ‘ஐந்தரை’ சொல்லும். மேடையில் எந்தக் கருவி ஒலிக்கப் போகிறதோ அதைக் கேட்டுத்தான் எல்லோரும் சேர்க்க வேண்டும். அந்தக் கருவி ஒன்றுதான் இருக்க வேண்டும். போனைத்தான் வைக்கப் போகிறீர்கள் என்றால் ஏர்பிளேன் மோடில் போட்டு, சார்ஜரில் செருகி வையுங்கள். ஆலாபனை (தாளமில்லாமல் ராகத்தை விரித்துப் பாடுவது) நடுவில் அழைப்பு வந்தால் மணி அடிப்பதாவது பரவாயில்லை, தம்பூரா நின்றுபோகும். காலடியில் தரை நழுவுவது எப்படி இருக்கும் என்று அன்று தெரியும்.

நிஜத் தம்பூரா இருந்தால் அதையே வையுங்கள், எலக்ட்ரானிக் பக்கத்தில் மெல்ல ஓடட்டும். தம்பூராவை ஒரு மணி நேரம் முன்னதாகவே அரங்குக்குள் கொண்டுபோய், உறையை எடுத்துவிட்டு வைக்க வேண்டும். வராண்டாவின் புழுக்கத்தில் சேர்த்த சுருதி ஏசி அறைக்குள் நிற்காது. சேர்க்கும்போது முதலில் நடுவில் உள்ள சாரணித் தந்தி (ஷட்ஜம், அதாவது ‘ஸ’), அதோடு ஒட்டி அனுசாரணி, பிறகு ஒரு ஸ்தாயி கீழே மந்தரம், கடைசியில் பஞ்சமம். பிருடையால் (தந்தியை முறுக்கும் முளை) கிட்டத்தட்டக் கொண்டுவந்துவிட்டு, மிச்சத்தைத் தந்தியில் கோத்த மணியால் நகர்த்தி முடிக்க வேண்டும். பிருடை வழுக்கினால் சாக்பீஸ் தூள் தடவினால் பிடித்துக்கொள்ளும். குதிரை மேல் தந்திக்கு அடியில் கிடக்கும் ஜீவா நூலை மயிரிழை மயிரிழையாக நகர்த்திக்கொண்டே மீட்டினால், ஓரிடத்தில் தந்தி திடீரென்று ரீங்காரம் விட்டு விரியும். அங்கே நிறுத்துங்கள். மந்தரத்தை மட்டும் தனியாக மீட்டும்போது அந்தர காந்தாரம் என்ற ஸ்வரம் தானாக எழுந்து கேட்டால் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். கேட்கவில்லையென்றால் நூலோ தந்தியோ சரியில்லை.

தம்பூரா போட உட்காருகிறவருக்கும் ஒரு வார்த்தை சொல்லி வைக்க வேண்டும். நடுவிரலால் பஞ்சமம், ஆள்காட்டி விரலால் மற்ற மூன்றும், நிதானமாக, ஒரே அழுத்தத்தில். தாளத்துக்கு ஏற்ப மீட்டவே கூடாது. பாட்டு விறுவிறுப்பாகப் போனதும் மீட்டுகிற கையும் தானாக விறுவிறுப்பாகும். பாடுகிறவர் காதில் அது இரண்டாவது தாளமாக விழும்.

மிருதங்கத்துக்கு வருவோம். வெளியிலிருந்து ஏசிக்குள் வந்த முதல் கால் மணி நேரத்தில் தோலின் ஈரம் வற்றி இறுகும், சுருதி ஏறும். மேடை விளக்கின் சூடும் அதையே செய்யும். ஏசி இல்லாத அரங்கில், மழை நாளில், நேர்மாறாகத் தோல் தளர்ந்து இறங்கும். அதனால் முதல் உருப்படியான வர்ணம் முடிந்ததும் ஒரு தடவை, ஆலாபனை நடக்கும்போது ஒரு தடவை அவர் கல்லும் மரக்கட்டையுமாகத் தட்டிச் சரிசெய்யத்தான் செய்வார். மேலிருந்து தட்டினால் ஏறும், கீழிருந்து தட்டினால் இறங்கும், விளிம்பைச் சுற்றியுள்ள 16 கண்ணும் ஒரே சுருதி பேசும் வரை சுற்றி வர வேண்டும். பாடுகிறவர் அதற்கு இடம் கொடுக்க வேண்டும். வர்ணம் முடிந்த மூச்சிலேயே அடுத்த பாட்டை எடுத்துவிட்டு, “மிருதங்கம் சேரவே இல்லை” என்று அப்புறம் குறைப்பட்டுப் பயனில்லை. தொப்பிக்கு, அதாவது இடக்கைப் பக்கத்துக்கு, ரவை. எலுமிச்சையளவு ரவையைத் தண்ணீர் விட்டு இளக்கமாகப் பிசைந்து நடுவில் வட்டமாக அப்புவார்கள். மேடைக்கு நேர் மேலே ஃபேன் சுற்றினால் அது காய்ந்து வெடித்து, கும்கி என்ற கீழ்நாதம் தட்டையாகிவிடும். ஒரு கிண்ணம் தண்ணீரும் ஒரு பழைய துணியும் மேடையில் இருக்க வேண்டும். துறை அரங்குகளில் ரவை கிடைக்காமல் ஹாஸ்டல் மெஸ்ஸுக்கு ஆள் ஓடுவது வழக்கமான காட்சி. நூறு கிராம் பொட்டலம் ஒன்று அலமாரியில் கிடந்தால் என்ன குறைந்துவிடும்?

உட்காரும் இடம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாலைந்து பேருக்கு 12-க்கு 8 அடி மேடை போதும். பாடுகிறவரின் வலப்பக்கம் மிருதங்கம், இடப்பக்கம் வயலின். அப்போதுதான் வலந்தலை சபையைப் பார்த்து இருக்கும். மிருதங்கக்காரர் இடக்கைக்காரர் என்றால் இரண்டு பேரையும் மாற்றி உட்கார வையுங்கள். மூவரும் ஒருவர் கையை ஒருவர் பார்க்க முடிகிறதா என்பது முக்கியம். மலர் அலங்காரம் குறுக்கே வந்தால் எடுத்துவிடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மைக் விஷயத்தில் துறைகளின் குறை எப்போதும் ஒன்றுதான்: வேண்டியது ஆறு, மிக்சரில் இருப்பது நான்கு. பாட்டுக்கு ஒன்று, வயலினுக்கு ஒன்று, வலந்தலைக்கு ஒன்று. நான்காவதைத் தொப்பிக்குக் கொடுப்பதா கடத்துக்குக் கொடுப்பதா என்றால், கடம் இருந்தால் கடத்துக்கு. தொப்பியின் நாதம் சிறிய அரங்கில் தானாகவே எட்டும். தம்பூராவுக்கு மைக் கிடைக்கவில்லை என்று கவலைப்பட வேண்டாம். எலக்ட்ரானிக் தம்பூராவைப் பாடுகிறவருக்குப் பின்னால் ஓரடி தள்ளி வைத்தால் அவர் மைக்கிலேயே வேண்டிய அளவு விழும். பாட்டு மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், வாய்க்குச் சற்றுக் கீழே. வாய்க்கு நேராக வைத்தால் ‘ப’, ‘த’ எல்லாம் காற்றாக வெடிக்கும், முகமும் மறையும். மாணவர்கள் கேட்கும் முதல் சலுகை “கொஞ்சம் எக்கோ”. கொடுக்காதீர்கள். பிருகா என்ற வேகமான அசைவுகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகிவிடும். சுருதி விலகினால் பாடுகிறவருக்கே தெரியாது, முன் வரிசையில் இருக்கும் தேர்வாளருக்கு நன்றாகத் தெரியும்.

ஒலிச் சோதனையில் “ஹலோ ஹலோ” சொல்லிப் பயனில்லை. தார ஷட்ஜத்தில் (மேல் ‘ஸ’) ஒரு கார்வை (நீட்டி நிற்பது), மந்தர பஞ்சமத்தில் (கீழ் ‘ப’) ஒரு கார்வை, இரண்டையும் மைக்கை விட்டு நகராமல் பாடிப் பாருங்கள். மேலே பிளிறுகிறதா, கீழே காணாமல் போகிறதா என்று அரை நிமிஷத்தில் தெரிந்துவிடும். காலி அரங்கில் சரியாக இருந்த அளவு ஆட்கள் நிறைந்ததும் கொஞ்சம் குறைவாகக் கேட்கும், மனிதர்களும் துணிமணியும் ஒலியை உறிஞ்சிக்கொள்வதால். ‘உம்’ என்று ஓர் இரைச்சல் ஓயாமல் வந்தால் மிக்சர், ஆம்ப்ளிஃபயர், எலக்ட்ரானிக் தம்பூரா எல்லாவற்றுக்கும் ஒரே பிளக் போர்டிலிருந்து மின்சாரம் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அடங்கிவிடும்.

இனி பட்டியல். இன்றைக்கு நாம் பாடும் கச்சேரி முறை, வர்ணத்தில் தொடங்கி நடுவில் விஸ்தாரமான ஒரு ராகம், தனி (தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி), பின்னால் துக்கடாக்கள் (சிறு பாட்டுகள்) என்று போவது, பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) வடிவமைத்துக் கொடுத்தது. அது மூன்று மணி நேரத்துக்கும் மேலான கச்சேரிக்குப் பொருந்திய சட்டை. ஒரு மணி நேரத்துக்கு அதைச் சுருக்கும்போது எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் வெட்டுகிறார்கள். அது தவறு. உருப்படிகளைக் குறைத்து, இருப்பதை முழுதாகப் பாட வேண்டும். நடைமுறைக்கு ஒத்துவரும் கணக்கு இது: வர்ணம் 5 நிமிடம், இரண்டாவது கீர்த்தனை 6, சிறிய ராகக் கோடியுடன் (சுருக்கமான ஆலாபனை) சவுக்கமான, அதாவது மெதுவான, ஒன்று 9, பிரதான உருப்படி 30, துக்கடா 5, மங்களம் 2, சுருதி சேர்க்கவும் தண்ணீர் குடிக்கவும் 3. பிரதானத்தின் 30-ஐ மேலும் உடைத்தால் ராகம் 6, வயலின் 3, கீர்த்தனை 8, நிரவலும் (ஒரு வரியையே பல விதமாகப் பாடுவது) ஸ்வரமும் 7, தனி 6. நீளமான அட தாள வர்ணத்துக்கு ஆசைப்பட்டால் முதலிலேயே ஐந்து நிமிடம் கடன் ஏறும். அந்தக் கடனைக் கடைசியில் மிருதங்கக்காரரின் தனியிலிருந்துதான் அடைப்பார்கள், பாவம்.

ராகத் தேர்வில் அடிக்கடி கண்ணில் படும் பிழை: மோகன வர்ணம், உடனே ஹம்சத்வனியில் பிள்ளையார். இரண்டிலும் ஸ-ரி-க-ப அப்படியே ஒன்று, தைவதத்துக்குப் பதில் நிஷாதம், அவ்வளவுதான். பதினோரு நிமிடம் ஒரே நிறம். ஆபோகி வர்ணம் பாடிவிட்டு ஹம்சத்வனிக்குப் போனால் காந்தாரமே மாறுகிறது, காது நிமிர்கிறது. அடுத்து ஆனந்தபைரவியில் மிச்ர சாபு, பிறகு ஆதியில் கல்யாணி என்று போனால் ராகமும் தாளமும் காலமும் மாறிக்கொண்டே வரும். நான்கும் ஆதியாகவே இருக்கும் பட்டியலைக் கையில் வாங்கியதும் தேர்வாளர் முகத்தில் தெரியும் சலிப்பு, பாட்டுத் தொடங்குவதற்கு முன்பே விழுந்துவிட்ட மதிப்பெண்.

தமிழ்ப் பாட்டைத் துக்கடாவுக்கென்றே ஒதுக்கும் பழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். சிதம்பரத்தில் 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை உண்டாக்கிய ராஜா சர் அண்ணாமலை செட்டியார்தான் 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் எழவும் முன்நின்றவர். அந்தப் பல்கலைக்கழக இசைக் கல்லூரிக்குப் பாடகர் டைகர் வரதாச்சாரியார் முதல்வராக இருந்திருக்கிறார். இப்படி ஒரு வழி போட்டுக் கொடுத்த பிறகும், பிரதான உருப்படிக்குத் தமிழில் கனம் போதாது என்று மாணவர்கள் தயங்குவதற்கு நியாயமே இல்லை. நிரவலுக்குத் தமிழ் வரி எடுத்தால் பதம் எங்கே பிரிகிறது என்று பாடுகிறவருக்கே தெரியும், வார்த்தையை உடைத்துக் கெடுக்கவும் மாட்டார்.

பட்டியலை நான்கு பிரதி எடுங்கள்: தேர்வாளருக்கு ஒன்று, வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்துக்கு ஒன்று, அறிவிப்பவருக்கு ஒன்று. ராகம், தாளம், இயற்றியவர் எல்லோரும் எழுதுவார்கள். பாட்டு தாளத்தில் எங்கே தொடங்குகிறது என்ற எடுப்பை எழுதுகிறவர் குறைவு. பக்கவாத்தியத்துக்கு வேண்டியதே அதுதான். சமமா (தாளத்தின் முதல் தட்டு), அரை இடமா, ஒன்றரை இடமா என்று பாட்டின் பக்கத்தில் குறித்தால், முதல் ஆவர்த்தனத்தில் (தாளத்தின் ஒரு சுற்றில்) அவர்கள் தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

எடுப்பு மாறும்போது கோர்வையும் (ஸ்வரத்தை முடிக்கும் கணக்கு) மாற வேண்டும் என்பதை மறப்பதுதான் ஸ்வரத்தில் விழுவதற்குப் பெரிய காரணம். ஒரு களை ஆதியில் (எட்டு எண்ணிக்கை), ஒரு எண்ணிக்கைக்கு நான்கு மாத்திரை என்றால், ஆவர்த்தனம் 32. பத்து மாத்திரை ஸ்வரத்தை மும்முறை பாடி, நடுவில் இரண்டு இடத்திலும் ஒவ்வொரு மாத்திரை கார்வை விட்டால் 10+1+10+1+10 = 32. சமத்தில் தொடங்கினால் சமத்தில் வந்து விழும். அதே கோர்வையை அரை இடத்து எடுப்புள்ள பாட்டுக்குப் பாடினால் இரண்டு மாத்திரை முன்னதாக முடிந்து, பாடுகிறவர் திருதிருவென்று விழிப்பார். செய்ய வேண்டியது, கார்வையை இரண்டாக்குவது மட்டும்: 10+2+10+2+10 = 34. ஒன்றரை இடமென்றால் கார்வை நான்கு: 38. முக்கால் இடத்துக்குக் கார்வை ஒத்துவராது, ஸ்வரத்தையே பதினொன்றாக்கி 11+1+11+1+11 = 35. ஒரே கோர்வையை இப்படி நான்கு எடுப்புக்கும் கைவசம் வைத்திருந்தால், பட்டியலிலிருந்து தேர்வாளர் கடைசி நிமிடத்தில் வேறு பாட்டைக் கேட்டாலும் பதற வேண்டாம். ராகத்துக்கு ஏற்பப் பத்து மாத்திரையை நிரப்புவது மட்டும்தான் மிச்சம்.

முதுநிலை மாணவர்களுக்குப் பல்லவி (ஒரே வரியை விரித்துப் பாடுவது) உண்டு. த்ரிகாலம் (மூன்று வேகம்) செய்யும்போது தாளத்தை மாற்றாமல் பல்லவியை மட்டும் மாற்றுவதால், கீழ்க்காலத்தில் ஒரு பல்லவிக்கு இரண்டு ஆவர்த்தனம், மேல்காலத்தில் ஒரே ஆவர்த்தனத்தில் இரண்டு பல்லவி, திச்ரத்தில் (ஒன்றரை வேகம்) இரண்டு ஆவர்த்தனத்தில் மூன்று பல்லவி. இது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. தடுக்கி விழுவது எடுப்பில். சமத்தை வைத்து அளந்தால், அரை எண்ணிக்கை தள்ளி எடுக்கிற பல்லவி கீழ்க்காலத்தில் ஓர் எண்ணிக்கை தள்ளியும் மேல்காலத்தில் கால் எண்ணிக்கை தள்ளியும் எடுக்க வேண்டும். கை போடாமல் மனசிலேயே ஒத்திகை பார்த்தவர்கள் மேல்காலத்தில் அந்தக் கால் எண்ணிக்கையை விட்டுவிடுவார்கள். சமத்தில் எடுக்கும் பல்லவியைத் தேர்ந்தெடுப்பது கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

தனி ஆவர்த்தனம் மிருதங்கக்காரருடையது என்றாலும் தாளம் பாடுகிறவர் கையில். தனி தொடங்கும்போது இரண்டு களை ஆதி ஓர் ஆவர்த்தனத்துக்கு 16 நொடி எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறு நிமிடத்துக்கு 22 ஆவர்த்தனம். இதை முன்கூட்டியே அவரிடம் சொன்னால் அவர் திட்டமிட்டுக்கொள்வார்: கடத்தோடு எத்தனை சுற்று, குறைப்பு (சுருக்கிக்கொண்டே போவது) எங்கே, மோரா (முடிவுக்கு வருகிற அடையாளம்) எப்போது. “ஒரு ஆறு நிமிஷம் சார்” என்று மட்டும் சொன்னால் பத்தாகும். தனி உச்சத்துக்குப் போகும்போது தாளம் போடும் கையும் கூடவே ஓடும். ஒத்திகையைப் பதிவு செய்து முதல் ஆவர்த்தனத்தையும் கடைசி ஆவர்த்தனத்தையும் போனில் அளந்து பாருங்கள். 16 நொடியில் தொடங்கியது 14-க்கு வந்திருந்தால் கை ஓடியிருக்கிறது. மோரா கேட்டதுமே தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட வேண்டும். மும்முறைக் கோர்வையின் மூன்றாவது முறையில் பல்லவி வரியை மனசில் எடுத்து வைத்துக்கொள்ளாதவர்கள், கோர்வை விழுந்த இடத்தில் வாயைத் திறந்து சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். ஒத்திகை முழுவதற்கும் மிருதங்கக்காரருக்கு நேரமில்லையென்றால், கடைசிக் கோர்வையையும் அந்த எடுப்பையும் மட்டுமாவது இரண்டு முறை சேர்ந்து பார்த்துவிடுங்கள். பத்து நிமிட வேலை.

காலைக் கச்சேரி என்றால் சாரீரம் ஒத்துழைக்காது. பத்து மணிக்குப் பாட வேண்டுமென்றால் ஆறு மணிக்கு மந்தர ஸ்தாயியில் அகாரம், எட்டு மணிக்குள் இட்லி, ஃப்ளாஸ்கில் வெந்நீர். இதற்கு மேல் யாரும் எந்த மந்திரமும் சொல்லித் தர முடியாது.

கடிகாரத்தை மேடைக்கு எதிரே, பாடுகிறவர் கண்ணில் படும்படி வையுங்கள். கைக்கடிகாரத்தைக் கழற்றித் தொடைக்குப் பக்கத்தில் வைப்பது சபைக்குத் தெரியும், ஆலாபனை நடுவே குனிந்து பார்ப்பது இன்னும் நன்றாகத் தெரியும். 40-ஆவது நிமிடத்தில் நிரவல் தொடங்கியிருக்க வேண்டும். தொடங்கவில்லையென்றால் ஸ்வரத்தைக் குறையுங்கள், தனியைத் தொடாதீர்கள்.

மங்களம் முடிந்ததும் எல்லோரும் போட்டோவுக்கு ஓடுவார்கள். அதற்கு முன் இரண்டு வேலை. தொப்பியில் ஒட்டியிருக்கும் ரவையைக் காய்வதற்குள் வழித்து எடுத்து ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள், காய்ந்துவிட்டால் தோலைச் சுரண்ட வேண்டியிருக்கும். தம்பூராவின் தந்திகளை அரைச் சுற்று தளர்த்தி, மணிகளை மேலே ஏற்றி, ஜீவா நூல் நான்கும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்து உறைக்குள் வையுங்கள். அடுத்த வாரம் வேறொருவருக்குக் கச்சேரி.